ஃபேன் ஓடுது, படம் வரலை

எங்கள் ஊரில் கம்ப்யூட்டருக்கு ஆகாத மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். மழை பிடித்தால் விடாது. கரன்ட் போகும், வரும், வந்தாலும் ஒழுங்கான வோல்ட்டேஜில் வராது. வேதாரண்யம் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்தே இருக்கும். சம்பா பயிர் இன்சூரன்ஸுக்குக் கடைசித் தேதியும் இந்தச் சமயத்தில்தான் வந்து நிற்கும். வழக்கமாக நவம்பர் 15, சில வருஷம் கொஞ்சம் தள்ளிப்போடுவார்கள். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு திருத்துறைப்பூண்டி ஆன்லைன் கடைகளில் ஆட்கள் வரிசைகட்டி நிற்கிற அந்த நேரம் பார்த்து, கடையின் சிஸ்டம் இருட்டடித்து உட்கார்ந்துவிடும். எனக்குப் போன் வருவதும் அப்போதுதான்.

போனில் சொல்வது பெரும்பாலும் ஒன்றேதான். "தம்பி, சிபியூ ஓடுது, ஃபேன் சுத்துது, லைட்டெல்லாம் எரியுது. டிஸ்பிளே மட்டும் வரலை." அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: "ஃபார்மட் அடிச்சா சரியாயிடுமா?"

ஆகாது. திரையில் கம்பெனி லோகோகூட வராத மெஷினில் பெரும்பாலும் விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. தூங்குகிறவனை அடித்து என்ன பயன்? ஆனாலும் நம் பக்கத்தில் கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் முதல் மருந்து ஃபார்மட்தான் என்று ஆகிவிட்டது. கடைக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், கேட்கிறவர்களும் அதைச் சொன்னால்தான் திருப்தியாகப் போகிறார்கள்.

நான் சர்வீஸ் கடை வைத்திருக்கவில்லை. தெரிந்தவர்களுக்குப் பார்த்துக் கொடுப்பதோடு சரி. ஒவ்வொருவரிடமும் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பவர் பட்டனை அமுக்கியதும் என்னென்ன நடக்கிறது என்று முதலில் ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் 230 வோல்ட் ஏசியை வாங்கி 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றி மதர்போர்டுக்குக் கொடுக்கிறது. வோல்ட்டேஜ் எல்லாம் நிலைக்கு வந்ததும் போர்டுக்கு ஒரு சிக்னல் போகும். அதற்கப்புறம்தான் ப்ராசஸர் கண் திறக்கும். பயாஸ் முதலில் ரேமைத் தேடும், பிறகு படம் காட்டும் சிப்பைத் தேடும். இரண்டும் கிடைத்தால் திரையில் லோகோ. அதற்குப் பின்னால்தான் ஹார்ட் டிஸ்க், விண்டோஸின் சுழலும் புள்ளிகள், பாஸ்வேர்டு கேட்கும் இடம், கடைசியில் டெஸ்க்டாப். ஃபேன் சுற்றுகிறது என்றால் 12 வோல்ட் ஏதோ வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

கடைமடைக்காரர்களான நமக்கு இது புரியாத விஷயமில்லை. வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாயிற்றே என்று வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டோம். கல்லணையில் விட்டார்களா, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் எந்த ஆற்றுக்கு எவ்வளவு பிரிந்தது, நம் வாய்க்கால் மதகில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறதா என்று நடந்து பார்ப்போம். கம்ப்யூட்டரிலும் அதே நடைதான். எதுவரை வந்து எங்கே நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதனால் போனில் நான் கேட்கிற முதல் கேள்வி இது: "கீபோர்டுல கேப்ஸ் லாக்கை ரெண்டு மூணு தடவை அமுக்குங்க. அந்தக் குட்டி லைட் எரிஞ்சு எரிஞ்சு அணையுதா?" அணைந்து எரிந்தால் மெஷினுக்கு உயிர் இருக்கிறது, படம் மட்டும்தான் வந்து சேரவில்லை. மானிட்டர், கேபிள், டிரைவர் என்று தேடலாம். லைட் அசையவே இல்லை என்றால் பவர், ரேம், போர்டு பக்கம் போக வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலேயே இவ்வளவு தெரிந்துவிடும்.

அடுத்தது மானிட்டர். அதன் பட்டனை மட்டும் அணைத்துப் போடச் சொல்வேன். கம்பெனிப் பெயர் ஒரு நொடி மின்னி, பிறகு 'நோ சிக்னல்' என்று ஒரு பெட்டி மிதந்தால் மானிட்டர் நல்லது, கேபிளில்தான் ஒன்றும் வரவில்லை. பழைய விஜிஏ கேபிளாக இருந்தால் கழற்றி அந்த 15 ஊசிகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று மடங்கியிருந்தாலும் நிறம் மாறும், இல்லை படமே வராது. எச்டிஎம்ஐ என்றால் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மெஷினில் கேபிள் கார்டில்தான் மாட்டப்பட வேண்டும். வீடு கூட்டும்போது கழன்றதைத் திரும்ப மாட்டுகிறவர்கள், மேலே கைக்கு எட்டுகிற போர்டு ஓட்டையில் மாட்டிவிடுவார்கள். பெரும்பாலான மெஷின்களில் கார்டு இருந்தால் அந்த ஓட்டை வேலை செய்யாது.

இதில் ஒரு கூத்து உண்டு. காலேஜ் பையன்கள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பாகம் பாகமாக வாங்கி வந்து வீட்டில் அசெம்பிள் செய்வார்கள். இன்டெல் ப்ராசஸரின் பெயர் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், உதாரணமாக ஐ5-12400எஃப், அதற்குள் படம் காட்டும் சிப் வேலை செய்யாது. விலை கொஞ்சம் குறைவாகக் கிடைப்பதே அதனால்தான். கார்டு வாங்கக் காசு சேருகிறவரை போர்டு ஓட்டையிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் கறுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்று, டிடிஆர்5 ரேம் போட்ட புது போர்டுகள் முதல் தடவை போடும்போது ரேமைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். பல நிமிஷம் கறுப்பாகவே இருக்கும். அதற்குள் பொறுமை இழந்து அணைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

வேதாரண்யம் ரோட்டில் ரிட்டயரான வாத்தியார் ஒருவர் இருக்கிறார். கோயில் விழா நோட்டீஸ், திருமண வாழ்த்து மடல் எல்லாம் தெருவுக்கே டைப் செய்து கொடுப்பவர். "போர்டு போச்சுங்கிறாங்கப்பா, புதுசு வாங்கிக்கங்கன்னு சொல்லிட்டாங்க" என்று வருத்தமாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். கேப்ஸ் லாக் எரிகிறது. விண்டோஸ் எழுந்துவந்த சத்தம் ஸ்பீக்கரில் கேட்கிறது. அறை லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக ஒட்டினாற்போலப் பிடித்தேன். மருந்தீஸ்வரர் கோயில் கோபுரம் மங்கலாகத் தெரிந்தது; அவருடைய வால்பேப்பர். ஓரத்தில் ரீசைக்கிள் பின். படம் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது, பின்னால் விளக்கு எரியவில்லை. பழைய எல்சிடியில் உள்ளே மெல்லிய குழல்விளக்கும் அதற்கு ஒரு இன்வெர்டர் போர்டும் இருக்கும், புதியதில் எல்இடி பட்டை. எது போனாலும் திரை கறுப்புதான். மதர்போர்டுக்கு ஒரு கேடும் இல்லை. வாத்தியார் டார்ச்சை வாங்கி அவரே நாலைந்து தடவை அடித்துப் பார்த்தார்.

இனி கேப்ஸ் லாக் எரியாத கூட்டம். இதில் நம் ஊரில் முதல் சந்தேகம் ரேம்மேல்தான் விழ வேண்டும். இன்சூரன்ஸ் சீசனில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்காவின் மெஷின் இப்படித்தான் நின்றது. வாசலில் கூட்டம். உள்ளே பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அமுக்கிப் பிடித்தேன். உள்ளே தேங்கியிருக்கிற கரன்ட் இறங்குவதற்கு. பக்கத் தகட்டைக் கழற்றினால் ஒரு விரல் கடைக்குத் தூசி, ஜெராக்ஸ் டோனர் கலந்து கறுப்பாக. ரேமின் இரண்டு காதையும் விரித்ததும் துண்டு மேலே எழும்பியது. தங்க முலாம் பூசிய பற்கள் மஞ்சளாகப் பளபளக்க வேண்டும், இதில் டீ டம்ளர் அடிமட்டம் மாதிரி பழுப்பேறிக் கிடந்தன. ஸ்கூல் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும், முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்தால் முலாம் போய்விடும். துகளை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, நடுவில் உள்ள வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்கிறவரை அமுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் 'டக்' என்றால் உட்காரவில்லை என்று அர்த்தம்.

"அவ்வளவுதானா தம்பி?" என்றார் அக்கா, லோகோ வந்ததும். "எறநூறு ரூபா ரப்பரா இது?" என்று வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் கேட்டார்.

ஒரே துண்டு ரேம் என்றால் வேறு ஸ்லாட்டில் மாற்றிப் பாருங்கள். இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றோடு ஓட்டுங்கள். அதிலும் வரவில்லை என்றால் போர்டில் ஒட்டியிருக்கும் காசு அளவு செல், அந்த 3 வோல்ட் சிஆர்2032, அதைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கழித்து மாட்டுங்கள். பயாஸ் செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போகும். கொஞ்சம் புதிய போர்டுகளில் ஓரமாக நாலு சின்ன விளக்குகள் இருக்கும்: சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதியிருக்கும். எதில் சிவப்போ மஞ்சளோ நிற்கிறதோ அங்கேதான் வண்டி நின்றிருக்கிறது. அந்த விளக்கைப் போட்டோ எடுத்து அனுப்பினாலே நான் பாதி பதிலைச் சொல்லிவிடுவேன்.

போர்டைத் திறந்து வைத்திருக்கும்போதே ப்ராசஸரைச் சுற்றி நிற்கிற குட்டி உருளைகளையும் பாருங்கள். அவை கெப்பாசிட்டர்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்புக் கசிவு இருந்தாலோ போர்டின் காலம் முடிகிறது. 2000-களின் முற்பாதியில் உலகம் முழுக்கத் தரக்குறைவான கெப்பாசிட்டர்கள் போர்டுகளில் ஏறி, ஏராளமான மெஷின்கள் இப்படி உப்பிச் செத்தன. டெல் கம்பெனி ஆப்டிபிளெக்ஸ் மெஷின்களுக்காக 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. இப்போது வருகிறவற்றில் அந்தப் பிரச்சினை குறைவு. ஆனால் பெரிய ஊர் ஆபீஸ்களில் ஓய்ந்த பழைய மெஷின்கள்தானே நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேர்கின்றன.

இனி கரன்ட். இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் உட்கார்ந்து வீடியோ போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. சாயங்காலம் பம்புசெட் மோட்டார்கள் ஒன்றாக ஓடும்போது கடைசிக் கம்பத்து வீடுகளில் வோல்ட்டேஜ் இறங்கும். மட்டமான எஸ்எம்பிஎஸ் அந்த இறக்கத்தில் ஃபேனை மட்டும் சுற்ற வைத்துவிட்டு, ப்ராசஸர் கேட்கிற கரன்ட்டைக் கொடுக்காமல் நின்றுவிடும். காலையில் வருகிற டிஸ்பிளே சாயங்காலம் வரவில்லை என்றால் போர்டைக் குறை சொல்லாதீர்கள், நேரத்தைப் பாருங்கள். இறக்கத்தைவிட ஏற்றம் மோசம். கம்பத்தில் நியூட்ரல் கழன்றால் 230 இருக்க வேண்டிய பிளக்கில் 300-க்கு மேலும் ஏறும். டிவி, ஃபிரிட்ஜ், எஸ்எம்பிஎஸ் எல்லாம் வரிசையாகப் போகும். பல்பு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் சந்தோஷப்படாமல் மெயினை அணையுங்கள்.

பழைய எஸ்எம்பிஎஸ் பின்னால் சிவப்பாக ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். 230, 115 என்று எழுதியிருக்கும். 115 என்பது அமெரிக்காவுக்கு. வீட்டுப் பிள்ளைகளின் கண்ணில் அது பட்டால் விடமாட்டார்கள். நம் கரன்ட்டில் அதை 115-க்குத் தள்ளிப் போட்டால் 'டப்' என்று ஒரு சத்தம், கருகின வாசனை, கதை முடிந்தது. இன்றே அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி விடுங்கள்.

எர்த் இல்லாத வீடுகளில் சிபியூ தகட்டில் பின்னங்கை பட்டால் சுரீர் என்று இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் வழியாகக் கசிகிற கரன்ட் போக இடமில்லாமல் தகட்டில் நிற்கிறது. ஆளை உடனே கொல்லாது என்றாலும், அப்படிப்பட்ட மெஷின் ஓடும்போதே எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கி மாட்டினால் அந்த ஓட்டை செத்துப்போகலாம். அப்புறம் திரை கறுப்பு, கேபிள் நல்லது, மானிட்டர் நல்லது, எங்கே கோளாறு என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவு ஒரு போர்டைவிடக் குறைவு.

யுபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். அதற்குள் இருக்கிற 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் ஓய்ந்துவிடும். பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். விலை குறைந்த யுபிஎஸ்கள் தருகிற சதுர அலை கரன்ட்டை, புதிய தலைமுறை எஸ்எம்பிஎஸ்கள் சில ஏற்றுக்கொள்ளாது. கரன்ட் போகிற அந்த நொடியில் யுபிஎஸ் 'பீப்' என்று கத்தும், மெஷினோ அணைந்துவிடும். எதனால் என்று தெரியாமல் விண்டோஸைத் திட்டுவார்கள்.

ஈரத்தைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுத்தது கஜா புயல். 2018 நவம்பர் 15 ராத்திரி விடிந்து 16-ம் தேதி ஆவதற்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. செல்போன் சார்ஜ் போடுவதற்கே ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் காசு கொடுத்து நின்றோம். ஓட்டுக்கூரை பறந்த வீடுகளில் சிபியூக்கள் தரையில் மழைநீரில் உட்கார்ந்திருந்தன. அவற்றில் பல புயலில் சாகவில்லை. கரன்ட் வந்த சந்தோஷத்தில் அப்படியே பட்டனை அமுக்கியபோதுதான் செத்தன.

நனைந்த மெஷினை வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது இது. பிளக்கில் மாட்டவே கூடாது. முதலில் அந்தக் காசு செல்லைக் கழற்ற வேண்டும். அது இருக்கிறவரை போர்டில் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும், உப்புத் தண்ணீர் பட்ட இடம் பச்சையாக அரித்துக்கொண்டே போகும். சேற்று நீரோ கடல் நீரோ பட்டிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் போர்டைக் கழுவி, நிழலில் ஃபேன் காற்றில் நாள்கணக்கில் காயவிட வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் அடி வாங்குமளவு கரன்ட் இருக்கும். தயவுசெய்து எதையும் அரிசியில் புதைக்காதீர்கள். நெல் விளைகிற ஊர் என்பதற்காக எல்லாவற்றுக்கும் அரிசியா? ஈரத்தை அது அவ்வளவாக இழுப்பதில்லை, மாவும் தூசும்தான் ஓட்டைகளில் போய் அடையும். ஆப்பிள் கம்பெனியே 2024-ல் ஐபோனை அரிசி மூட்டையில் போடாதீர்கள் என்று எழுதிவைத்துவிட்டது.

ஜீவராசிகளையும் மறந்துவிடக் கூடாது. மழைக்காலத்தில் எஸ்எம்பிஎஸ்ஸின் கதகதப்புக்குப் பல்லி உள்ளே போகும். ஒரு உரக்கடை மெஷினில் ஃபேன் கம்பிக்குப் பின்னால் காய்ந்து ஒட்டிக் கிடந்தது, வால் மட்டும் வெளியே. கோடையில் குளவி, காலியாக இருக்கிற விஜிஏ ஓட்டையில் மண்கூடு கட்டும். அறுப்பு முடிந்தால் வயல் எலிகள் வீட்டுக்கு வந்து கேபிளை ருசி பார்க்கும். சிபியூவைத் தரையிலிருந்து தூக்கி மேசைமேல் வைத்தாலே இதில் பாதி குறையும்.

லோகோ வந்து, புள்ளிகள் சுழன்று, அதன் பிறகு இருட்டு என்றால்தான் விண்டோஸை விசாரிக்க வேண்டும். முதலில் விண்டோஸ் பட்டன், கன்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' நான்கையும் ஒன்றாக அமுக்குங்கள். ஒரு 'பீப்' கேட்டுத் திரை துடித்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி எழுந்திருக்கிறது. பல நேரம் படமும் வந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் மெஷின் என்றால் சிபியூ முன்னால் டிஸ்க் விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் அது பாவம் வேலை செய்துகொண்டிருக்கிறது, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கறுப்பு நடுவில் மவுஸ் அம்பு மட்டும் அசைகிறதா? ரொம்ப நல்லது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் புதிய வேலை ஓட்டும் இடத்தில் ஆங்கிலத்தில் எக்ஸ்ப்ளோரர் என்று அடித்து, புள்ளி வைத்து, இஎக்ஸ்இ சேர்த்து என்டர் தட்டுங்கள். டெஸ்க்டாப் தானாக வந்து உட்காரும்.

எதற்கும் மசியவில்லை என்றால் சேஃப் மோடு. லோகோ வரும்போதே பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்து, இப்படி அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை செய்தால், விண்டோஸ் தானே ரிப்பேர் திரைக்குப் போகும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், அப்புறம் எண் 4. அங்கே அடிப்படை டிஸ்பிளே டிரைவரோடு மட்டும் எழும். படம் வந்துவிட்டால் குற்றவாளி புதிதாகப் போட்ட டிரைவரோ அப்டேட்டோதான். அதை எடுத்துவிடலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்து, நம் விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்களே, அவற்றில் பலவற்றை எழுப்பியதும் இதே சேஃப் மோடுதான். உள்ளே போய் ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது, அவ்வளவே. அன்று அத்தனை மெஷினையும் ஃபார்மட் அடிக்கப் புறப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சேஃப் மோடுக்குப் போகும் வழியில் சில புதிய மெஷின்கள் பிட்லாக்கர் சாவி என்று 48 இலக்க எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்திருந்தால் அந்தக் கணக்கில் சாவி இருக்கும். மெஷின் நன்றாக இருக்கும்போதே அதை ஒரு தாளில் எழுதி ஜாதக நோட்டில் வைத்துவிடுங்கள். இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. இத்தனை வருஷமாக நீலமாக இருந்த விண்டோஸின் அபாயத் திரையை, 2025-ல் விண்டோஸ் 11-ல் கறுப்பாக்கிவிட்டார்கள். ஆகவே 'கறுப்பா இருக்கு' என்றால் இனி "எழுத்து ஏதாவது இருக்கா?" என்றும் கேட்டாக வேண்டியிருக்கிறது. எழுத்து இருந்தால் அதைப் போட்டோ எடுங்கள், காரணம் அதிலேயே எழுதியிருக்கும்.

விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் மெஷின் முழுதாக அணைவதில்லை, பாதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதிலிருந்து எழும். எழுதி வைத்தது கெட்டுப்போனால் காலையில் கறுப்பு. கரன்ட் நம்பிக்கையில்லாத ஊரில் அந்த வசதி வேண்டாம், பவர் ஆப்ஷன்ஸில் போய் எடுத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுங்கள், அதுதான் முழுதாக அணைத்து எழுப்பும்.

கறுப்புக்கெல்லாம் பயந்த காலம் ஒன்று இருந்தது. 2008 அக்டோபரில் திருட்டு எக்ஸ்பி போட்ட மெஷின்களில் மணிக்கொரு தரம் வால்பேப்பர் கறுப்பாகும்படி மைக்ரோசாஃப்ட் செய்தது. நம் பிரவுசிங் சென்டர்களில் எத்தனை மெஷினில் ஒரிஜினல் எக்ஸ்பி இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். வைரஸ் என்று நினைத்து அப்போதும் ஃபார்மட் அடித்தார்கள். அடித்துவிட்டு அதே சிடியிலிருந்து அதே எக்ஸ்பியைப் போட்டார்கள். அடுத்த வருஷம் நவம்பரில் பிரெவெக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், மைக்ரோசாஃப்ட் அப்டேட்தான் திரையைக் கறுப்பாக்குகிறது என்று அறிவித்து, உலகமே பதறியபின், அப்படியில்லை என்று மன்னிப்புக் கேட்டது. விஷயம் தெரிந்தவர்களே அவசரப்படுகிறார்கள் என்றால் நம்மைச் சொல்லி என்ன?

ஆனால் காசு வாங்கிக்கொண்டு அவசரப்படுகிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு அத்தாச்சி, மகள் கல்யாண போட்டோ அத்தனையையும் கம்ப்யூட்டரில்தான் வைத்திருந்தார். டிஸ்பிளே வரவில்லை என்று ஒரு கடையில் கொடுத்தார். ஃபார்மட் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் மறுபடி கறுப்பு, ஏனென்றால் கோளாறு வீட்டிலேயே இருந்த விஜிஏ கேபிளில். போட்டோக்கள் போனது போனதுதான். அதனால்தான் சொல்கிறேன், கடைக்குக் கொடுப்பதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். இரண்டு கேபிள், நாலு ஸ்க்ரூ. ரேம், போர்டு, எஸ்எம்பிஎஸ் நல்லதா என்று பார்க்க அவர்களுக்கு உங்கள் டிஸ்க் தேவையே இல்லை. லோகோ வருகிறதா என்று பார்த்தால் போதும். டிஸ்க்கில் இருப்பதை வேறு மெஷினில் யுஎஸ்பி அடாப்டர் வழியாக மாட்டி நகல் எடுத்துக்கொள்ளலாம்.

போர்டே போய்விட்டது என்று நிச்சயமானால் ஒரு கணக்குப் போடுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் முடித்துவிட்டது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை விண்டோஸ் 11 பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளாது. நாலாம் தலைமுறை மெஷினுக்குப் பழைய போர்டு தேடி ரிச்சி தெருவுக்கு ஆள் அனுப்புவது வீண் செலவு. டைப் அடிக்கவும் பிரவுசர் பார்க்கவும் மட்டும் என்றால், கையில் இருக்கும் இன்னொரு பழைய மெஷினில் லினக்ஸ் போட்டு ஓட்டலாம். கடைக்கு வேண்டும், இன்சூரன்ஸ், கொள்முதல் பதிவெல்லாம் அதில்தான் என்றால், எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ உள்ள செகண்ட் ஹேண்ட் மெஷினாகப் பாருங்கள். வாங்கும்போது கடையிலேயே மூடியைக் கழற்றச் சொல்லி கெப்பாசிட்டர் தலைகளைப் பார்த்துவிடுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் வேறு கடை.